ஃபீனால் கலன்: மாடல் 57 என்கிறது, கலன் 460-இல் நிற்கிறது. பிழை எங்கே?

கூடல்மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் தேங்காய் மட்டை ஊறவைக்கும் நீரை மனதில் வைத்து, முதல் கட்டமாக வெறும் ஃபீனாலை மட்டும் கொடுத்து ஒரு காற்றில்லாக் கலன் ஓட்டுகிறேன். விவரம் இது:

கலனின் நீர் அளவு 5 லிட்டர். கலக்கி உண்டு, சேறு தனியாகப் பிடித்துவைக்கும் ஏற்பாடு இல்லை. நாளுக்கு 200 மி.லி. ஊட்டநீர், அதாவது தங்கல் காலம் 25 நாள். ஊட்டநீரில் ஃபீனால் லிட்டருக்கு 1000 மி.கி. வெப்பம் 35 டிகிரி. விதைச்சேறு, சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் குழம்பு.

மாடலில் ஹால்டேன் சமன்பாடு (உணவே அளவு மீறினால் வளர்ச்சியைத் தடுக்கும் நிலைக்கானது):

வளர்வீதம் = உச்ச வீதம் × செ ÷ (அரைநிறைவு + செ + செ² ÷ தடுப்பெண்)

'செ' என்பது கலனுக்குள் இருக்கும் ஃபீனால் செறிவு. பாட்டில் சோதனையில் பொருத்தி எடுத்த எண்கள்: உச்ச வீதம் நாளுக்கு 0.1, அரைநிறைவு 50 மி.கி./லி., தடுப்பெண் 450 மி.கி./லி. இறப்பு வீதம் நாளுக்கு 0.01. நிலைத்த நிலைக்குத் தீர்த்தால் 57 மி.கி./லி. வருகிறது. கலனும் 55-60-க்குள் அழகாக ஓடியது.

ஓர் இரவு டைமரின் ரிலே ஒட்டிக்கொண்டு பம்ப் நிற்காமல் ஓடிவிட்டது. சுமார் 2.5 லிட்டர் ஊட்டநீர் உள்ளே போய், அதே அளவு வெளியே வழிந்துவிட்டது. காலையில் அளந்தால் 430. உடனே பம்பைச் சரிசெய்து பழைய 200 மி.லி.க்கே கொண்டுவந்தாயிற்று. ஒரு மாதம் ஆகிறது. 57-க்குத் திரும்பாமல் 460-க்கு ஏறியிருக்கிறது. ஊட்டம் அதே, வெப்பம் அதே. மாடல் மட்டும் இன்னும் 57 என்றே சொல்கிறது. மாறிலிகள் தப்பா?

சமன்பாடு:

மாறிலிகள் தப்பாக இருக்கலாம், அதை அப்புறம் பார்ப்போம். இப்போது நடப்பதற்கு அவை காரணமில்லை. உங்கள் எண்களை வைத்தே இது நடக்க வேண்டும்.

நிலைத்த நிலையில் வளர்வீதம் = வெளியேறும் வீதம் + இறப்பு. 25 நாள் தங்கலுக்கு 0.04 + 0.01 = 0.05. இதை ஹால்டேனில் போட்டால் இருபடிச் சமன்பாடு: செ² − 450 செ + 22500 = 0. இதற்குத் தீர்வு இரண்டு, 57-ம் 393-ம். எண்முறைத் தீர்வி உங்கள் தொடக்க ஊகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தீர்வைத்தான் காட்டும். ஊகம் 50 என்று கொடுத்திருப்பீர்கள், அதனால் 57 வந்தது. 500 கொடுத்துப் பாருங்கள், 393-ஐக் காட்டும்.

இரண்டும் ஒரே மாதிரியான நிலைகள் இல்லை. 57-இல் செறிவு கொஞ்சம் கூடினால் வளர்வீதமும் கூடும், கூடுதல் ஃபீனாலைத் தின்று கலன் தானாகத் திரும்பும். ஹால்டேன் வளைகோடு ஒரு மேடு: செறிவு கூடக்கூட வளர்வீதம் முதலில் ஏறும், உச்சிக்குப் பிறகு இறங்கும். 393 இருப்பது அதன் மறுசரிவில். அங்கே செறிவு கூடினால் வளர்வீதம் குறையும், குறைந்தால் ஃபீனால் இன்னும் சேரும். அதனால் 393-ஐக் கலன் போய் நிற்கும் இடமாகப் பார்க்காதீர்கள். அது எல்லை. அதற்கு அப்பால் மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது: பாக்டீரியா முழுவதும் கழுவிப்போய், உள்ளே வரும் 1000 அப்படியே வெளியே போகும் நிலை. அதுவும் நிலையானதுதான்.

அந்த இரவைக் கணக்குப் போடுவோம். 5 லிட்டரில் 2.5 லிட்டர் கலந்து வழிந்தால் பழைய நீரில் மிஞ்சுவது 0.607 பங்கு. செறிவு = 1000 − 943 × 0.607 = 428. நீங்கள் அளந்த 430-க்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம். அதே கணக்கில் உயிர்த்திரளும் (கலனில் உள்ள பாக்டீரியாவின் மொத்த அளவு) 61 விழுக்காடாகக் குறைந்தது. பலரும் இதை விட்டுவிடுவார்கள். நஞ்சு கூடியது, அதைத் தின்னும் ஆளும் குறைந்தது, இரண்டும் ஒரே இரவில்.

428-இல் வளர்வீதம் 0.0484. தேவை 0.05. பற்றாக்குறை வெறும் 0.0016. அதனால்தான் இது தடாலென்று விழாமல் நாளுக்கு 1 மி.கி. வீதம் ஊர்ந்து ஏறுகிறது. காலத்தோடு ஓட்டிப் பார்த்தால் 30-ஆம் நாள் 460 அருகே வரும், 60-ஆம் நாள் 500-ஐத் தாண்டும். உங்கள் மாடல் சரியாகவே சொல்லியிருக்கும். நீங்கள் அதை நிலைத்த நிலைக்கு மட்டும் கேட்டதால் பாதிப் பதில்தான் கிடைத்தது.

மோனோடு 1949-இல் தொகுத்த சமன்பாட்டில் இந்தச் சிக்கல் வராது, அதில் மேடு இல்லை. தன் உணவே தனக்கு நஞ்சாகும் இடத்துக்கு, நொதிகளுக்கு ஹால்டேன் எழுதிய வடிவத்தை 1968-இல் ஆண்ட்ரூஸ் நுண்ணுயிர் வளர்ச்சிக்குக் கொண்டுவந்தார். (அந்த ஹால்டேன் 1957-இல் இந்தியா வந்து, இங்கேயே தங்கி, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானவர்.)

கலன்காரர்:

சமன்பாடு சார் சொன்னதை வைத்து உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன் தங்கச்சி. ஊட்டத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். குறைப்பது போதாது, முழுக்க நிறுத்த வேண்டும்.

பலரும் இங்கே தயங்குவார்கள், பட்டினி போட்டால் பாக்டீரியா செத்துவிடும் என்று. உள்ளேயே லிட்டருக்கு 460 மி.கி. சாப்பாடு கிடக்கிறது. ஊட்டம் நின்றதும் வெளியேறும் 0.04 காணாமல் போகிறது. இறப்பு 0.01-ஐ மட்டும் தாண்டினால் போதும், 460-இல் கூட வளர்வீதம் 0.047 இருக்கிறது. அதனால் திரள் பெருகும், ஃபீனால் இறங்கும். மேட்டின் உச்சி உங்கள் எண்களில் 150 (50 × 450-இன் வர்க்கமூலம்). அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் இறக்கம் வேகமெடுக்கும். மொத்தம் ஏறக்குறைய இரண்டு வாரம். 100-க்குக் கீழே வந்த பிறகு நாளுக்கு 50 மி.லி.யில் தொடங்கி, நான்கு நாளுக்கு ஒருமுறை 50 கூட்டுங்கள்.

சீக்கிரம் வேண்டுமென்றால் இன்னொரு வழி. கலக்கியை நிறுத்தி 4 முதல் 6 மணி நேரம் சேற்றைப் படியவிடுங்கள். மேலே தெளிந்த நீரில் 2 லிட்டரை மட்டும் சைஃபன் குழாயால் எடுங்கள். அதற்கு ஈடாக லிட்டருக்கு 3 கிராம் சோடியம் பைகார்பனேட் கரைத்து, நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜன் நீக்கிய, 35 டிகிரிக்குச் சூடாக்கிய நீரை ஊற்றுங்கள். செறிவு 460-இலிருந்து 276-க்கு இறங்கும், சேறு உள்ளேயே இருக்கும். கலக்கி ஓடும்போதே எடுத்தால் சேறும் சேர்ந்து போய்விடும், அது அந்த இரவு நடந்ததையே மறுபடி செய்வதாகும்.

சாதாரணக் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். குளோரினும் கரைந்த ஆக்சிஜனும் இந்த நிலையில் கூடுதல் அடி.

கூடல்மாணவி:

நன்றி சார், நன்றி அண்ணே. ஊட்டத்தை நிறுத்திவிட்டேன். படியவைத்து 2 லிட்டர் மாற்றுவதை நாளைக் காலை செய்கிறேன்.

மாறிலிகள் பற்றிய சந்தேகம் இன்னும் இருக்கிறது. பாட்டில் சோதனையில் 400, 600, 800, 1000 மி.கி./லி. என நான்கு செறிவு வைத்தேன். பொருத்தம் நன்றாக வந்தது. 393 என்ற எல்லையை எவ்வளவு நம்பலாம்?

ஆய்வகமணி:

நான்கு புள்ளியும் மேட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அங்கேதான் வம்பு.

உச்ச வீதம் 0.13, அரைநிறைவு 100, தடுப்பெண் 320 என்று போட்டுப் பாருங்கள். 400-இல் உங்கள் எண்கள் 0.0497 தரும், இவை 0.0520 தரும். 1000-இல் 0.0306-க்கு 0.0308. நான்கு செறிவிலும் வித்தியாசம் 5 விழுக்காட்டுக்குள். பாட்டில் சோதனையின் சிதறல் அதைவிடப் பெரிது. ஆனால் இந்த எண்களில் 25 நாள் கலனுக்கு நிலை 73, எல்லை 439. உங்கள் எண்களில் 57, 393. பொருத்தம் நன்றாக வந்ததால் மாறிலி தெரிந்துவிட்டது என்று ஆகாது.

காரணம் சமன்பாட்டிலேயே இருக்கிறது. செறிவு மிக அதிகமானால் செ² உறுப்பு மட்டும் ஆளும், உச்ச வீதம் × தடுப்பெண் என்ற பெருக்கல்தான் தெரியும். செறிவு மிகக் குறைந்தால் உச்ச வீதம் ÷ அரைநிறைவு என்ற வகுத்தல்தான் தெரியும். மூன்றையும் பிரிக்க இரண்டு பக்கமும் வேண்டும், மேட்டுக்கு அருகேயும் வேண்டும். 25, 50, 100, 150, 250, 400, 800, 1200 என்று வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பாட்டில்.

அடுத்து, ஃபீனால் குறையும் வளைகோட்டை மட்டும் வைத்துப் பொருத்தினால் தொடக்க உயிர்த்திரளும் உச்ச வீதமும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே குடத்துச் சேற்றை, நன்றாகக் கலக்கியபடியே, ஒரே நேரத்தில் ஊற்றி, அதன் விஎஸ்எஸ் (ஆவியாகும் தொங்கு திடப்பொருள், உயிர்த்திரளுக்கு ஈடாக எடுப்பது) அளவைத் தனியாக எடுங்கள். தொடக்க வேகத்தை 'ஒரு கிராம் விஎஸ்எஸ் நாளுக்கு எத்தனை மி.கி. ஃபீனால்' என்ற அலகில் எழுதினால் குழப்பம் குறையும்.

பாட்டில் தயாரிப்பு: 120 மி.லி. சீரம் பாட்டில், 60 மி.லி. திரவம், பியூட்டைல் ரப்பர் மூடி, அலுமினிய வளையம். வெறும் சிலிக்கோன் மூடி வேண்டாம், வாயு கசியும். தலைவெளியை நைட்ரஜன் 70, கார்பன் டைஆக்சைடு 30 கலவையால் 3 நிமிடம் விரட்டுங்கள். லிட்டருக்கு 1 மி.கி. ரெசசுரின் சேர்த்தால் ஆக்சிஜன் இருக்கும்வரை இளஞ்சிவப்பாக இருக்கும், போனதும் நிறம் மறையும். மூன்றாம் நாள் ஒரு பாட்டிலில் மூடிக்குக் கீழே மட்டும் மெல்லிய ரோஜாவளையம் தெரிந்தால் அந்த மூடி கசிகிறது, அந்தப் பாட்டிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஃபீனால் இல்லாத பாட்டில் மூன்று, அசிட்டேட் மட்டும் போட்ட பாட்டில் மூன்று கட்டாயம். முதலாவது சேறு தானாகத் தரும் வாயுவைக் கழிக்க. இரண்டாவது மீத்தேனாக்கிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று தெரிய.

ஊடகக் கரைசலைப் போர் தண்ணீரில் செய்யாதீர்கள். நம் பக்கத்துக் கடினநீரில் பாஸ்பேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்ததும் அடியில் வெள்ளை மாவாகப் படியும். கால்சியத்தோடு பாஸ்பேட்டும் நுண்தனிமங்களும் அதில் போய்விடும். பிறகு வளர்ச்சி குறைந்தால் ஃபீனால் தடுக்கிறது என்று மாடல் பழிபோடும்.

பழக்கப்படாத சாணச்சேற்றின் முதல் ஊட்டத்தில் வரும் தாமதத்தை ஹால்டேன் தடுப்பாக எண்ணிவிடாதீர்கள். ஃபீனாலைப் பிளக்கும் இனம் பெருக வாரக்கணக்கு ஆகும். அதே பாட்டிலில் ஃபீனால் தீர்ந்ததும் மறுபடி கொடுத்து, இரண்டாவது மூன்றாவது ஊட்டத்தின் வேகத்தைப் பொருத்துங்கள். ஓடும் கலனில் இருப்பது பழகிய சேறுதான்.

சமன்பாடு:

> 393 என்ற எல்லையை எவ்வளவு நம்பலாம்?

ஆய்வகமணி சொன்னதோடு ஒன்று. கலன் முன்பு 55-60-இல் நின்றது உங்கள் எண்களின் பக்கம் சாய்கிறது, 73 சொல்லும் தொகுப்பு கொஞ்சம் அடிபடுகிறது. ஆனால் கீழ்நிலை பொருந்தியதால் எல்லையும் பொருந்தும் என்று ஆகாது. எல்லையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தடுப்பெண், கீழ்நிலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அரைநிறைவு. அந்த விபத்துக்குப் பிந்தைய ஒரு மாத அளவுகள் இருக்கின்றனவே, அவை தங்கம். மேட்டின் மறுசரிவில் மெதுவாக நகரும் கலன், எல்லை எங்கே என்று பாட்டிலைவிடத் தெளிவாகச் சொல்லும். அவற்றையும் பாட்டில் அளவுகளையும் சேர்த்து ஒரே பொருத்தமாகச் செய்யுங்கள்.

தங்கல் காலத்தை 40 நாளாக்கினால் என்னவாகும் என்றும் பாருங்கள். தேவையான வளர்வீதம் 0.035, தீர்வுகள் 28-ம் 808-ம். 20 நாளாக்கினால் தேவை 0.06, அதுதான் மேட்டின் உச்சி. இரண்டு தீர்வும் 150-இல் வந்து ஒட்டிக்கொள்ளும், ஒரு சின்ன அசைவும் தாங்காது. வெளிநீர்த் தரம் 57-இலிருந்து 28-க்கு வருவதைவிட, எல்லை 393-இலிருந்து 808-க்குத் தள்ளிப்போவதுதான் எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது.

சோழவந்தான்_நார்:

மட்டை ஊறிய நீரில் ஃபீனால் மட்டும் இல்லையே. டானின், பாலிஃபீனால், பெக்டின் கரைந்து வருவது எல்லாம் சேர்ந்துதான் அந்தக் காப்பி நிறம். இதற்கு ஒற்றை ஹால்டேன் போதுமா? நிஜ நீரைக் கலனுக்குக் கொடுக்கும்போது மாடலை எங்கே நீட்ட வேண்டும்?

சமன்பாடு:

போதாது. நீட்ட வேண்டிய இடம் முதலில் டானின் இல்லை, ஃபீனாலுக்கு அடுத்த படி.

ஃபீனால் நேராக மீத்தேன் ஆவதில்லை. 4-ஹைட்ராக்சிபென்சோயேட், பென்சாயில்-கோஏ வழியாக வளையம் உடைந்து அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் வரும். ஒரு மூலக்கூறு ஃபீனாலும் ஐந்து நீரும் சேர்ந்து மூன்று அசிட்டிக் அமிலமும் இரண்டு ஹைட்ரஜனும் தரும். சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) கணக்கில் ஏழில் ஆறு பங்கு அசிட்டேட், ஒரு பங்கு ஹைட்ரஜன். 2002-இல் சர்வதேச நீர்ச் சங்கம் வெளியிட்ட ஏடிஎம்1 என்ற காற்றில்லாச் செரிமான மாடலுக்குள் ஃபீனாலைப் புதுப் பொருளாகச் சேர்த்தால் பங்கீட்டெண்கள் 0.857, 0.143 என்று போட வேண்டும். கொழுப்பமிலத்துக்கு உள்ள எண்களை அப்படியே எடுத்துப் போட்டால் அசிட்டேட்டுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பங்கீடு தப்பாகும்.

இந்த மூன்று அசிட்டேட்டைத்தான் கவனிக்க வேண்டும். லிட்டருக்கு 1000 மி.கி. ஃபீனால் என்பது 10.6 மில்லிமோல், அதிலிருந்து 32 மில்லிமோல் அமிலம். மீத்தேனாக்கிகள் தடைபட்டால் அத்தனையும் கலனில் நிற்கும். சமன்செய்ய 2.7 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். கலன்காரர் சொன்ன 3 கிராம் காற்றில் வந்த எண் இல்லை. ஃபீனால் மீத்தேனாக்கிகளையும் தடுக்கும், அதற்குத் தனித் தடுப்பெண் கொடுங்கள். பிஎச் 6.5-க்குக் கீழே போனால் அந்த இரண்டாவது தடுப்பு முதல் தடுப்பையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஹைட்ரஜன் இன்னொரு கட்டு. பென்சோயேட்டை அசிட்டேட்டாக்கும் வினை நியம நிலையில் ஆற்றல் தராது. ஹைட்ரஜன் அழுத்தம் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு வளிமண்டலத்துக்குக் கீழே இருந்தால்தான் ஓடும். அதனால் ஹைட்ரஜனைத் தின்னும் மீத்தேனாக்கி பக்கத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும். கலக்கியை அதிவேகத்தில் சுழற்றி அந்தத் திரள்களைச் சிதைப்பது நல்லதில்லை. கணக்கில் ஹைட்ரஜன் நொடிகளில் மாறும், உயிர்த்திரள் வாரங்களில் மாறும். சாதாரண ரங்கே-குட்டா எண்முறை திணறும். பைத்தானில் பிடிஎஃப் அல்லது ராடாவ் முறை, ஆக்டேவில் ஓடிஇ15எஸ் எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உள்ளே வந்த சிஓடி = வெளிநீர் + மீத்தேன் + உயிர்த்திரள் + கலனில் சேர்ந்தது என்று கூட்டிப் பாருங்கள். அது ஒத்துவராத மாடலில் மற்ற எதையும் பேசுவதற்கில்லை.

டானினுக்கு வருவோம். பாலிஃபீனால்கள் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், சேற்றிலும் ஒட்டும். சிதையாமலே கரைசலிலிருந்து மறையும். மாடலில் ஒட்டல் உறுப்பு இல்லாவிட்டால், முதல் வாரம் கலன் அபாரமாக வேலை செய்வதுபோலத் தெரிந்து, சேறு நிரம்பியதும் வெளிநீரில் திடீரென்று கூடும். கொதிக்கவைத்துக் கொன்ற சேற்றில் அதே நீரை 48 மணி நேரம் ஆட்டி, எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அந்தக் குறைவு முழுக்க ஒட்டல்.

ஆய்வகமணி:

நிஜ நீருக்கு இன்னொரு எச்சரிக்கை. ஃபீனாலை 4-அமினோஆன்டிபைரின் முறையில் 500 நானோமீட்டரில் அளப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்: பாரா-கிரெசால் இதில் ஏறக்குறையத் தெரியவே தெரியாது. மட்டைநீரில் கிரெசால் இருந்தால் அளவு குறைவாக வரும், நஞ்சு குறைவாக இராது. சல்ஃபைடும் இந்த முறையைக் குழப்பும். மாதிரியை அமிலமாக்கி, காற்றோட்ட அறைக்குள் வைத்துச் சற்று நேரம் காற்றூதி, சல்ஃபைடை விரட்டிவிட்டு அளவிடுங்கள். நிற வண்டலை 0.45 மைக்ரான் வடிகட்டியில் நீக்கி, வினைப்பொருள் சேர்க்காத அதே நீரைப் பூச்சியமாக வையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காப்பி நிறமே ஃபீனாலாகக் கணக்கில் ஏறிவிடும்.

சுங்குடிச்சாயம்:

நல்ல இழை. சுங்குடிச் சாயத்தொட்டி நீருக்கும் இதே மாடலைப் போடலாமா? அசோ சாயங்கள், கூடவே உப்பு.

கலன்காரர்:

அசோ பிணைப்பைக் காற்றில்லாக் கலன் எளிதில் உடைக்கும், நிறம் போய்விடும். ஆனால் நிறம் போனதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உடைந்து வருவது அரோமேட்டிக் அமீன்கள், அவற்றில் பல நஞ்சு, பெரும்பாலானவை காற்றில்லாமல் மேற்கொண்டு சிதையாது. பின்னால் ஒரு காற்றோட்டத் தொட்டி இல்லாமல் அந்த நீரை வெளியே விடக் கூடாது. மாடலில் சாயம் ஒரு சமன்பாடு, அமீன் இன்னொரு சமன்பாடு. பிணைப்பை உடைக்க எலக்ட்ரான் கொடுக்க வேறு உணவும் வேண்டும், வடிகஞ்சி அதற்கு நன்றாக உதவும்.

உப்பு எது என்று முதலில் கேளுங்கள். கிளாபர் உப்பு என்றால் சோடியம் சல்ஃபேட். சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியா மீத்தேனாக்கியின் வாயிலிருந்து பிடுங்கித் தின்னும். 1 கிராம் சல்ஃபேட்டுக்கு 0.67 கிராம் சிஓடி போகும், 0.35 கிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். லிட்டருக்கு 600 மி.கி. சல்ஃபேட் இருந்தால் 212 மி.கி. சல்ஃபைடு. பிஎச் 7-இல் அதில் பாதியளவு பிரியாத ஹைட்ரஜன் சல்ஃபைடாக நிற்கும், அந்த வடிவம்தான் செல்லுக்குள் நுழையும். பிஎச்சை 7.6-7.8-இல் வைத்தாலே அந்தப் பங்கு ஏறக்குறைய ஆறில் ஒன்றாகிவிடும். மூடிய அறையில் இந்த வாயுவைத் திறந்துவிடாதீர்கள். அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது.

கூடல்மாணவி:

இரண்டாவது வாரம். 2 லிட்டர் மாற்றியதும் 280 வந்தது, பிறகு ஊட்டம் இல்லாமல் இறங்கி இப்போது 90. நாளுக்கு 50 மி.லி.யில் தொடங்கியிருக்கிறேன்.

வாயுக் கணக்குதான் இடிக்கிறது. ஃபீனால் குறைந்த அளவுக்கு வர வேண்டிய மீத்தேனைவிட 15 விழுக்காடு அதிகமாக வருகிறது. அதுவும் பகலில் கூடுதல், இரவில் குறைவு.

ஆய்வகமணி:

1 கிராம் ஃபீனாலுக்கு 833 மி.லி. என்று எடுத்திருப்பீர்கள். அது 0 டிகிரியில், உலர்ந்த வாயுவுக்கு. நீரை இடம்பெயர்த்துப் பிடிக்கும் வாயு அறை வெப்பத்தில், நீராவியோடு இருக்கிறது. பகல் 38 டிகிரியில் பிடித்த 1 லிட்டரை உலர்நிலை 0 டிகிரிக்கு மாற்றினால் 0.81 லிட்டர். இரவு 28 டிகிரியில் 0.86. சித்திரை வெயிலில் பகலிரவு வித்தியாசமே 6 விழுக்காடு. ஒவ்வொரு வாசிப்போடும் வாயு நிற்கும் குடுவையின் வெப்பத்தை எழுதுங்கள், நீர்த்தொட்டியின் வெப்பத்தை அல்ல. குடுவை நீரை உப்பால் நிறைத்து பிஎச் 2-க்கு அமிலமாக்கினால் கார்பன் டைஆக்சைடு கரைவது குறைந்து, வாசிப்பு நிலையாகும். மீத்தேன் மட்டும் வேண்டுமென்றால் முன்னால் ஒரு குடுவையில் 3 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு வையுங்கள்.

அத்தனையும் திருத்திய பிறகு எண் குறைவாகத்தான் வர வேண்டும். கொஞ்சம் சிஓடி உயிர்த்திரளாகிறது, வெளிநீரில் கரைந்த மீத்தேனாக லிட்டருக்கு 50 மி.கி. அளவில் சிஓடி போகிறது. 100-க்கு மேல் வந்தால் எங்கோ அளவுப் பிழை.

கலன்காரர்:

வெப்பம் என்றதும் இன்னொன்று. உங்கள் நீர்த்தொட்டியில் சூடேற்றி மட்டும்தானே இருக்கிறது, குளிர்விப்பான் இல்லையே? ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் ஏசி இல்லாத அறை 38, 39 போகும். 35-இல் வைத்த தொட்டி தானாக 38-க்கு ஏறிவிடும். 40 வரை இந்தப் பாக்டீரியா தாங்கும், அதற்கு மேல் சட்டென்று சரியும். ஆண்டு முழுவதும் 38-இல் வைத்துவிட்டால் வேனிலும் மார்கழியும் ஒரே வெப்பம், மாறிலியும் ஒரே மாறிலி. நாளுக்கு அரை டிகிரி வீதம் ஏற்றுங்கள்.

மின்சாரம் போகும்போது கலக்கி நிற்கிறது, சேறு படிகிறது, அப்போது வழியும் நீரில் சேறு குறைவு. அப்படியானால் சேற்றின் தங்கல் காலம் 25 நாள் இல்லை, கூட. கலனிலும் வழிநீரிலும் விஎஸ்எஸ் அளந்து, கலனில் உள்ள மொத்தச் சேற்றை நாளுக்கு வெளியேறும் சேற்றால் வகுங்கள். மாடலில் போட வேண்டியது அந்த எண்தான்.

கூடல்மாணவி:

அளந்துவிட்டேன் அண்ணே, சேற்றின் தங்கல் 29 நாள் வருகிறது. வாயுவும் திருத்தத்துக்குப் பிறகு 93 விழுக்காட்டில் நிற்கிறது.

பம்புக்கு இன்னொரு டைமரைத் தொடராக இணைக்கலாமா, ஒன்று ஒட்டினாலும் மற்றது நிறுத்தும்படி?

சமன்பாடு:

இணைக்கலாம், ஆனால் அதைவிட எளியது ஊட்டக்குடுவையின் அளவு. உங்கள் பழைய எண்களிலேயே ஓட்டிப் பார்த்தேன். ஒரே இரவில் 2 லிட்டர் போனால் செறிவு 368, கலன் திரும்பும், ஆனால் நீண்ட நாள் எடுக்கும். 2.5 லிட்டர் போனால் திரும்பாது. 1 லிட்டர் போனால் 228, ஊட்டத்தை மாற்றாமலே சரியாகிவிடும். மாறிலிகளில் உள்ள ஐயத்துக்கும் அதில் இடம் இருக்கிறது. 10 லிட்டர் கேனை எடுத்துவிட்டு 1 லிட்டர் குடுவை வையுங்கள், ஐந்து நாளுக்கு ஒருமுறை நிரப்புங்கள். பம்ப் எத்தனை மணி நேரம் ஓடினாலும் உள்ளே போக அதற்கு மேல் நீர் இருக்காது.

கூடல்மாணவி:

1 லிட்டர் குடுவை மாட்டியாயிற்று. குழாயின் நுனி அடிவரை போகாமல் ஒரு விரல் மேலே நிறுத்தியிருக்கிறேன், தீர்ந்ததும் காற்றை இழுக்காமலிருக்க மேல்மூடியில் நைட்ரஜன் பையும் இணைத்திருக்கிறேன்.

கலன்காரர்:

நுனியை அடிவரை விடுங்கள் தங்கச்சி. மேலே நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் பழைய நீர் 50 மி.லி. தங்கி, அதில் பாக்டீரியா வளர்ந்து குழாயின் உட்சுவரில் வழவழப்பாகப் படியும், ஊட்டநீரின் செறிவும் குறையும். நைட்ரஜன் பை சரி.